கீழே அழுத்தும் இறக்கை

சத்தம் குறையவில்லை.

அவள் கண்களைத் திறந்தாள். நீல நிற லான்சர் கார் பந்தயத் தடத்தின் வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. வேலியோரம் புழுதி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வளைவுக்கு வரும்போது காரை ஓட்டும் ஜோயல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும். போன வருடப் பந்தயத்தில் இதே இடத்தில் காரின் பின்பக்கம் விலகி, சுழன்று, புல்லில் போய் நின்றது. அதிலிருந்து அப்படி.

அவன் யாரிடமும் சொன்னதில்லை. இன்ஜின் சத்தம்தான் அவளுக்குச் சொன்னது.

இன்று அவன் காலை எடுக்கவில்லை.

காரின் பின்னால் அவள் செய்த இறக்கை இருந்தது. விமானத்தின் இறக்கையைக் கவிழ்த்துப் போட்ட வடிவம். அது மேலே தூக்கும். இது கீழே அழுத்தும். வேகம் கூடக்கூடப் பின் டயர்களைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கும்.

கணக்கு அப்படித்தான் சொன்னது. கணக்கு சரி என்று அவளுக்குத் தெரியும். காற்றுக்குத் தெரியுமா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

நாளை பந்தயம். ஜோயலுக்குப் பிடித்தால் இறக்கையும் காரோடு ஓடும். இல்லையென்றால் ஷெட்டுக்குத் திரும்பிவிடும்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். ஓட வேண்டும்போல இருந்தது. நடந்தாள்.

மெக்கானிக் சுல்தான் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காலையில் இறக்கையைப் பூட்டும்போது, "நாலு வேட்டி காயப்போடலாம் போலிருக்குதே கண்ணு" என்றவர்.

ஜோயல் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கு நான் செம ஃபார்ம்ல இருக்கேண்ணா!"

"விங்கு எப்படி இருக்குது தம்பி?"

"அதுவா? ஒண்ணும் வித்தியாசம் தெரியலைண்ணா. சும்மா வெயிட்டுதான். கழட்டிரலாம்."

பிறகு அவளைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க."

பார்க்கிறதுக்கு.

சொல்ல நிறைய இருந்தது. வளைவு, சத்தம், அவனுடைய கால்.

ஸ்பானரை எடுத்தாள். போல்ட்டுகளை அவளே கழற்றினாள். சுல்தான் மறுபக்கம் தாங்கிக்கொண்டார்.

"கோவமா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள். உண்மையாகவே இல்லை. அவன் சிரித்து அவள் பார்த்ததே குறைவு. அதோடு, சோதனை என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும். இருக்கும்போது என்ன, இல்லாதபோது என்ன.

ஜோயல் மறுபடி சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தான். அவள் ஜன்னலருகே குனிந்தாள்.

"மொத ரவுண்டு மெதுவாப் போங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாங்க."

ஆனாலும் முதல் சுற்று மெதுவாகத்தான் போனான். அடுத்ததில் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இங்கிருந்து அந்த வளைவு தெரியாது. நடுவில் வேப்பமரங்கள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டயர்கள் கத்தின. சத்தம் சட்டென்று அறுந்து விழுந்தது.

சுல்தான் இரண்டடி முன்னால் போனார்.

ஒன்றுமில்லை. இன்ஜின் மறுபடி முனகியது. தயங்கித் தயங்கி ஏறியது.

கார் மரங்களைச் சுற்றி வந்தது. மாட்டுவண்டி வேகத்தில் உள்ளே நுழைந்து நின்றது.

ஜோயல் இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சுல்தான் ஏதோ கேட்டார். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

தார்ப்பாயின் மேல் கிடந்த இறக்கையிடம் போனான். ஒரு முனையைத் தூக்கினான்.

மறுமுனை கீழேயே இருந்தது.

அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அவள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுமுனைக்குப் போனாள்.