புறாமலையில் மூன்று நாள்

"மாதாவாணை, சொல்லுறது முழுக்க உண்மை மாமி" என்று மாதா சுருவத்துக்கு முன் முழந்தாளிட்டான் கிறிஸ்தோபர். வாடைக்காற்றில் வள்ளம் உடைந்து, நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவில் ஒதுங்கிய இரு பொடியன்களில், மூன்றாம் நாள் மீட்கப்பட்டவன் அவன் மட்டுந்தான்.

"என்ர பேணாட் எப்படியடா செத்தவன்?" என்றாள் பேணாட்டின் தாய் மக்டலின்.

"முதல் நாள் செபம் சொல்லித்தான் புறா முட்டை குடிச்சவன். அடுத்த நாள் புறாவை உயிரோட கடிச்சுத் திண்டவன். மூண்டாம் நாள் நாலு காலில ஓடி, நாய் மாதிரிக் குரைச்சு, என்னைக் கடிக்க வந்தவன். நான் விலகினன். பாறையால கடலுக்க விழுந்திட்டான்."

"கேக்காமல் ஒரு விசுக்கோத்து எடுக்காத பிள்ளையடா அவன்!"

"பசி மாமி, பசி! பசி வந்தால் மனிசன் மிருகந்தான்."

மக்டலின் அழுதுகொண்டே அவனுக்குச் சோறு போட்டாள்.

அன்று பின்னேரம் பேணாட்டின் உடல் கரையொதுங்கியது. கைகள் இரண்டும் தூண்டில் நூலால் முதுகுக்குப் பின்னே கட்டப்பட்டிருந்தன.