இரண்டாவது டீ

எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் கொதித்ததும் டீத்தூள் போட்டு, பால் ஊற்றி வடிகட்டினான். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மீதியைத் தொட்டியில் கொட்டினான். மறுபடியும் தண்ணீர் வைத்தான்.

இரண்டாவது டீயைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், மனைவி படுக்கும் பக்கத்தில் வைத்தான். அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது.

கூடத்திலிருந்து நான்கு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார், கல்லூரியில் உளவியல் நடத்தும் மைத்துனன், அவன் கூட்டிவந்த இரண்டு பேராசிரியர்கள்.

"பாத்தீங்களா? தினமும் இதே கூத்துதான். செத்துப்போனவளுக்கு டீ!" என்றாள் மாமியார். "இந்த வீட்ல என் பேத்தியை எப்படி விடறது? நீங்க சரின்னு சொன்னாதான் அனுப்புவேன்."

மூன்று வயது மகள் மைத்துனன் வீட்டில் இருந்தாள். அவள் திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் அவன் இந்தப் பரிசோதனைக்குச் சம்மதித்திருந்தான்.

"வெறும் பழக்கம்மா," என்றான் மைத்துனன். "இத்தனை வருஷம் அக்காவுக்கு டீ போட்ட கை. மணியடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்ல, அதே கதைதான். டீத்தூள் டப்பாவை ஒளிச்சு வெச்சா சரியாயிடும்."

"மாப்பிள்ளையைப் போய் நாய்ங்கறியேடா!"

தாடிக்காரப் பேராசிரியர் சிரித்தார். "பழக்கமாவது மண்ணாவது! அவங்க உயிர் போனப்ப இவர் எங்க இருந்தாரு? சமையலறையில. பக்கத்துல இல்லாம போயிட்டோமேன்னு அடிமனசுல குற்ற உணர்ச்சி. முதல் டீயைக் கொட்டறாரே, அது தன்னைத்தானே தண்டிச்சுக்கறது. இவரோட அம்மாவைப் பத்தி விசாரிக்கணும்."

"சம்பந்தியம்மா ஒரு நாள்கூட டீ போட்டதில்லைங்க," என்றாள் மாமியார்.

"அம்மாவையெல்லாம் ஏன் சார் இழுக்கறீங்க?" என்றார் கண்ணாடி போட்ட இன்னொரு பேராசிரியர். "மூளையில சுரக்கறது ஒண்ணு குறைஞ்சா மனுஷன் செஞ்சதையே செஞ்சுக்கிட்டு இருப்பான். ஒரு மாத்திரை, தீர்ந்தது."

"மாத்திரையால மனசைத் தொட முடியுமா?"

"உங்க மனசை எந்த ஸ்கேன்ல சார் பாக்கறது?"

குரல்கள் உயர்ந்தன. கொஞ்ச நேரத்தில் பேச்சு டீயை விட்டு, துறைத் தலைவர் பதவி யாருக்கு வரவேண்டியது என்பதில் போய் நின்றது. அவன் வடிகட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

மாமியாருக்குத் தலை வலித்தது. எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"மாப்பிள்ளை, 'பாப்பாவைப் பாத்துக்கங்க'ன்னுதானே அவ கடைசியா சொன்னா? அதைச் செய்யாம இது என்ன?"

"அது நீங்க பேப்பர்ல கண்ணீர் அஞ்சலிக்காகப் போட்டது அத்தை."

"அப்ப அவ நிஜமா என்னதான் சொன்னா?"

தாழ்ந்த குரலில் சொன்னான்.

மாமியார் அவனையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பிலேயே கண் நிரம்பி வழிந்தது. துடைக்காமல் போனை எடுத்து மருமகளை அழைத்தாள். "பாப்பாவோட துணியெல்லாம் எடுத்து வை. இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன். ஆமா, அவங்கப்பாகிட்டதான்."

கூடத்தில் சண்டை நின்றது. "என்னம்மா சொன்னாரு?" என்றான் மைத்துனன். "அக்கா என்னதான் சொல்லிட்டுப் போனா?"

மாமியார் இடுப்பில் கை வைத்து, அச்சு அசலாக மகளின் குரலிலேயே சொன்னாள்:

"இதெல்லாம் ஒரு டீயா? போய் வேற போட்டுக் கொண்டாங்க!"