மாடி வீட்டுக் கால் பூட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று சொல்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை.

"விடும்மா, விடு! தட்டிட்டேன்!"

மாடி வீட்டு முன்னறையில் மெத்தை விரிப்பின் மேல் மல்லாந்து கிடந்த சலூன்காரர், மோதிரக் கையை விரிப்புக்கு வெளியே நீட்டி, வெறும் தரையில் டொக் டொக் டொக்கென்று தட்டினார். அவருடைய வலது பாதம் மனைவியின் அக்குளில் சிக்கியிருந்தது.

அவள் சட்டென்று விட்டாள். பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சாயங்காலம் ஆனால் ஜியு-ஜிட்சு. அதில் அடி, உதை எதுவும் கிடையாது. கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ காலையோ பூட்டுப் போட வேண்டும். சிக்கியவர் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போட்டி.

"என்னங்க, நான் இன்னும் இறுக்கவே இல்ல. அதுக்குள்ள தட்டினா நான் எப்படிப் பழகறது?"

"நீ இறுக்கினப்புறம் தட்டினா, நாளைக்கு நான் தரையில உட்கார்ந்துதான் முடி வெட்டணும்."

"காலை இழுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இழுத்தா பூட்டு இறுகும். முழங்காலை என் தொடைப்பிடியிலேருந்து முதல்ல வெளிய எடுங்க. குதிகாலை ஒளிச்சு வைங்க."

"ஒளிச்சு வைக்கக் குதிகால் என்ன பீரோ சாவியா?"

கதவு இடிபட்டது. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர். சட்டை பாதி நனைந்திருந்தது.

"மறுபடியும் தொட்டி வழியுது! இப்பதான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திட்டு வரேன். சுவரெல்லாம் ஊறிப்போச்சு. நீங்க குடி வந்த நாள்லேருந்து இதே கூத்து."

"மோட்டார் சுவிட்ச் உங்க வீட்டுலதானே சார் இருக்கு?"

"இருக்கு. ஆனா என் வீட்டுக்காரி தானா போடறதில்ல. மேல கேக்கறாங்க, போடறேன்கறா."

"நாங்க கேக்கவே இல்லையே!"

"அப்ப, இத்தனை வருஷம் என்கூட வாழ்ந்தவ பொய் சொல்றாளா?"

இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்! ஆமாம் என்றால் வீடு போகும். இல்லை என்றாலும் போகும்.

"மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடுங்க," என்றார் அவர்.

சலூன்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். இந்த வீடு கிடைக்க அவர்கள் அலைந்த அலைச்சல் அவர்கள் செருப்புக்குத்தான் தெரியும்.

ஹவுஸ் ஓனரின் கண் அப்போதுதான் விரிப்பின் மேல் விழுந்தது. "இதென்ன, நடு வீட்டுல மெத்தை?"

சலூன்காரர் தயங்கித் தயங்கி விளக்கினார். ஹவுஸ் ஓனருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பொண்டாட்டி பிடிச்ச காலை எடுக்க முடியலையா? வெளிய சொல்லிடாத தம்பி. நான் கால்பந்து ஆடினவன். என் காலை ஒருத்தனும் நிறுத்தினது கிடையாது."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப பந்தயம் சார். காலை உருவிட்டீங்கன்னா நாங்க காலி பண்றோம். முடியலைன்னா இங்கயே இருக்கோம்."

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று முணுமுணுத்தார் புருஷன்.

"ஒத்துக்கறேன்!" ஹவுஸ் ஓனர் உட்கார்ந்து காலை நீட்டியே விட்டார். "எந்தப் பூட்டு வேணாலும் போடு."

"குதிகால் பூட்டு வேணாம் சார். அது வலி தெரியறதுக்குள்ள முழங்காலைத் திருகிடும். உங்களுக்குக் கணுக்கால் பூட்டே போதும்."

காலைப் பிடிக்கிற குடித்தனக்காரர்களை அவர் நிறையவே பார்த்திருக்கிறார். இப்படிப் பிடித்து யாரையும் பார்த்ததில்லை. பாதம் அவள் அக்குளுக்குள் போனது. குதிகாலுக்கு மேலே, நரம்பின் அடியில், அவளுடைய முன்கை எலும்பு ஏறி உட்கார்ந்தது. அவள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள்.

அவர் இழுத்தார். இறுகியது. இன்னும் இழுத்தார்.

"இழுக்காதீங்க சார், தட்டிடுங்க."

"தட்டறதாவது! நான்... கால்பந்து..."

"தட்டிடுங்க சார்," என்றார் சலூன்காரர், அனுபவத்தில். "மானம் நாளைக்கே திரும்பி வந்துடும். கால் வர நாளாகும்."

ஹவுஸ் ஓனரின் முகம் தக்காளியாகிவிட்டது. அவளுக்கும் சிக்கல்தான். இறுக்கினால் பெரியவர் கால் போகும். தளர்த்தினால் வீடு போகும். இரண்டுக்கும் நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிளட்சில் கால் வைத்த மாதிரி பிடியை நிறுத்திவைத்தாள்.

கடைசியில் அவருடைய தடித்த மோதிரக் கை விரிப்பைத் தாண்டித் தரையில் இறங்கியது.

டொக்! டொக்! டொக்!

அவள் அந்த நொடியே விட்டாள். அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் எழும்பி வந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு! பழைய குடித்தனக்காரங்க தண்ணி வேணும்னா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தரையைத் தட்டுவாங்க. நீங்க என்னடான்னா சாயங்காலம் முழுக்கத் தட்டறீங்க! இதோ, மோட்டார் போட்டாச்சு!"

மாடி ஜன்னலுக்கு வெளியே தொட்டித் தண்ணீர் சோவென்று கொட்டத் தொடங்கியது.

உங்கள் வீட்டுத் தொட்டி என்றைக்கும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா, வழியாமலும் இருக்கட்டும்; தட்டினதும் விட்டுவிடுகிற மனசு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய்க்கட்டும்.