இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே

ஆலய வாசலில் கல்யாண வீட்டார் இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடக்க ஆராதனைக்கு வந்த வண்டி அதற்குள் மதிலோரம் வந்து நிற்கிறது. காலையில் ஞானஸ்நானம், பிறகு திருமணம் என்று ஓடிக் களைத்த பயிற்சிப் போதகர், அங்கி தடுக்க, வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இறந்தவரின் மனைவி தனியாக உட்கார்ந்திருக்கிறார். “மன்னிச்சிடுங்கம்மா, அவங்கள உடனே நகரச் சொல்றேன்.” “வேணாம் தம்பி, சிரிச்சு முடிக்கட்டும். இவருக்கு இனி என்ன அவசரம்? நீங்களும் கொஞ்சம் உக்காருங்க.” மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆறுதல் வார்த்தைகளை விட்டுவிட்டு, போதகர் வண்டியில் ஏறி, எதிர்ப் பலகையில் உட்காருகிறார். “இன்னும் ஒண்ணே ஒண்ணு!” என்று வெளியே போட்டோக்காரர் கத்துகிறார். மணப்பெண்ணின் முக்காட்டைக் காற்று தூக்கிவிட, எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கை மட்டும் பெட்டியின் மூடியை மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது.