பின்சக்கரத்துச் சத்தம்

"இதுக்கு மேல சத்தம் குறையணும்னா காரைப் பஞ்சு மெத்தையில சுத்தித்தான் குடுக்கணும்!"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் விட்டெறிந்தார். எதிரே பல் டாக்டர் பாவமாக நின்றார். இந்த ஒரே குறைக்காக அவர் ஷெட்டுக்கு வருவது இது நாலாவது தடவை.

டாக்டர் ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன டாக்டர்? நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க."

"பின்சக்கரத்துக்கிட்ட ஊய்ங்னு ஒரு சத்தம் அண்ணே. இன்னும் போகலை."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களை 'ஆ' காட்டச் சொல்கிற மனிதர், தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறாரே!

அவரும் என்னதான் செய்யவில்லை? முதல் தடவை நாலு கதவையும் பிரித்து, உள்ளே தார் ஷீட் ஒட்டினார். அடுத்த தடவை சீட்டுகளைக் கழற்றி, தரை முழுக்க ஃபோம் விரித்து, கதவு ரப்பர்களைப் புதிதாக மாற்றினார். மூன்றாம் தடவை டயர்களையே மாற்றினார். காருக்குள் ஓட்டை என்று சொல்ல இனி ஏசி வருகிற வழிதான் பாக்கி.

"அண்ணே, நாள் பூரா பல்லைக் குடையுற மிஷின் சத்தத்துலயே இருக்கேன். வீட்டுக்குப் போற அந்த அரை மணி நேரமாவது அமைதியா இருக்கலாம்னுதான் கேக்கறேன். பேரிங்கா இருக்குமோ?"

"பேரிங்கா? என்கிட்டயேவா?"

அந்த வட்டாரத்தில் அவருக்கு 'பாம்புச் செவி' என்றே பெயர். கார் தெருமுனை திரும்பும்போதே, ஷெட்டுக்குள் படுத்தபடி என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டிகள் எல்லாம் அவருடைய காதை நம்பித்தான் அங்கே வந்தன. அந்தப் பெயருக்கு ஒரு பல் டாக்டர் வந்து வேட்டு வைப்பதா?

ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, பக்கத்திலேயே காதை வைத்துக் கேட்டார். கம்மென்று இருந்தது. இன்னொரு சக்கரமும் அப்படியேதான்.

"ஏறுங்க வண்டியில," என்றார். "ரோட்டுலயே பாத்துடுவோம். சத்தம் இருந்தா இன்னியோட ஷெட்டை இழுத்து மூடிட்டு வீட்டுல உக்காந்துக்கறேன். இல்லைன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

டாக்டர் பின்சீட்டில், சந்தேகப்பட்ட சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தார். காற்று கண்ணாடியில் மோதிச் சத்தம் வருகிறது என்று இன்னொரு சாக்கு கிளம்பிவிடக் கூடாதே! மெக்கானிக் வெளிக் கண்ணாடிகள் இரண்டையும் மடக்கினார். உள்ளே இருந்த கண்ணாடியை டாக்டரின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். அந்த முகம் தோற்றுப்போவதை அவர் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

கார் பாலத்தில் ஏறியது. ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம். வேகம் மாறாமல், குலுங்காமல், கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகிற பக்குவத்தில் ஓட்டினார்.

எவ்வளவு அமைதி! தன் வேலையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. இதைப் போய்க் குறை சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ.

கண்ணாடியைப் பார்த்தார். டாக்டரின் முகம் தோற்பதாகத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார், நெளிந்தார், திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். சக்கரம் போய் இப்போது டிக்கியிலும் சத்தம் தேடுகிறார் போல! போதாததற்கு மறுபடியும் அதே முணுமுணுப்பு.

நாலு தடவை அடக்கிவைத்த எரிச்சல் மொத்தமும் பொங்கிவிட்டது. பாலத்தின் நடுவிலேயே வேகத்தை இன்னும் குறைத்தார்.

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க டாக்டர்! ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். இந்த வண்டிக்குள்ள இப்ப என்ன சத்தம் கேக்குது உங்களுக்கு?"

டாக்டர் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே பாய்ந்து வந்தார். மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கி, காதருகே வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்தினார்:

"ஆம்புலன்ஸ் அண்ணே! ரெண்டு நிமிஷமா பின்னாடி அலறிக்கிட்டே வருது, சீக்கிரம் போங்க!"