வெயிலுக்கு ஊரடங்கு

முதல் அடி மலையாண்டியின் முதுகில் விழுந்தது. முந்திரி மரத்தடியில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்திருந்தவர் அலறிக்கொண்டு எழுந்தார். அடுத்தடுத்த மரங்களின் கீழே படுத்திருந்தவர்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள்.

"ஓடு! ஒரு பய இங்கிட்டுக் கெடக்கக் கூடாது!"

வெற்றிசெல்வன் சவுக்குக் கம்பைச் சுழற்றி வீசினான். முழங்காலில் அடி வாங்கிய ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கொண்டையைப் பிடித்துத் தூக்கி விரட்டினான்.

பழைய பகையும் இல்லை, நிலத் தகராறும் இல்லை. யாரும் செத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவன் அடித்தான்.

அந்தச் சித்திரையில் கடலைக் காட்டில் வேலைசெய்த இரண்டு பேர் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்துபோனார்கள். புதுக்கோட்டையில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த ஊராட்சித் தலைவர் மறுநாளே ஊரைக் கூட்டினார்.

"பருவநிலை மாத்தமும் கொரோனா மாதிரிதான்னு படிச்சவங்களே மேடையில பேசுறாங்க. அதை எப்படி அடக்குனமோ, அதே மாதிரி இதையும் அடக்கலாம். உச்சி வெயில்ல ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது."

பொறுப்பை வெற்றிசெல்வனிடம் ஒப்படைத்தார். கொரோனா நேரத்தில் கீழத்தெருவை மறித்துக் காவல் இருந்தவன் அவன். வெளியே தலை நீட்டியவர்களை எல்லாம் அடித்து உள்ளே தள்ளினான். தெருவில் ஒரு சாவு விழவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு நிமிரும்.

கூட்டத்தில் எதிர்த்துப் பேசியது மலையாண்டி மட்டும்தான். "கொரோனா ஆளுக்கு ஆளு ஒட்டுச்சு, உள்ள கெடந்தோம். வெயிலு என்ன ஒட்டுவாரொட்டியா? ரெண்டும் ஒண்ணுன்னு எவன் சொன்னான்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெற்றிசெல்வனுக்கு முகம் கறுத்துவிட்டது. சிரிக்கவைத்தது வேறு யாருமில்லை, அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்த தாய்மாமன்.

இப்போது அந்த மாமன் முந்திரி மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார்.

"விடுடா மாப்ள. வீட்டுல அந்தத் தகரக் கூரைக்கடியில என்னால கெடக்க முடியாது. இங்கனயே இருந்துட்டு வாரேன்."

"கொரோனாவுலயும் இதேதான் சொன்னீங்க. அன்னைக்கு அடிச்சு உள்ள போட்டதாலதான் இன்னைக்கு உசுரோட நின்னு பேசுறீங்க."

"அது வேறடா. இது வேற."

வெற்றிசெல்வனுக்கு வெறி ஏறியது. மரத்தைப் பிடித்திருந்த விரல்களின் மேல் கம்பை இறக்கினான். தோல் கிழிந்து ரத்தம் பட்டையில் வழிந்தது. பிடி தளர்ந்ததும் வேட்டியோடு சேர்த்துப் பிடித்துத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போனான். மாமன் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் அவன் கையைக் கடித்தார். கன்னத்தில் ஓர் அறை விட்டு வீட்டுக்குள் தள்ளினான். தகரக் கதவின் வெளித் தாழ்ப்பாளைப் போட்டபோது அது விரலைச் சுட்டது.

"பொழுது சாய வந்து தொறக்குறேன். கத்தாம கெடங்க."

மேலத்தெருவிலும் காலனியிலும் இன்னும் ஆட்கள் வெளியே திரிந்தார்கள். அவர்களையும் அடித்து அடைத்துவிட்டு அவன் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஊர் ஓசையில்லாமல் அடங்கிக் கிடந்தது. கொரோனா நாட்களின் அதே அமைதி. அவனுக்கு மனம் குளிர்ந்தது.

கீழத்தெருவில் நுழைந்தவன் திடுக்கிட்டு நின்றான். மாமன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வாசல் மணலில் குப்புறக் கிடந்தார் மலையாண்டி.

ஓடிப்போய்ப் புரட்டினான். உடம்பு கொதித்தது, மூச்சு இல்லை. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. சுடுமணலில் ஊர்ந்திருப்பார் என்று நினைத்தான். "மாமா... மாமா..." என்று மார்பில் முட்டிக்கொண்டு அழுதான்.

அழுகை சட்டென்று நின்றது. வெளியே போட்ட தாழ்ப்பாள் தானாகத் திறக்காது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் வேலியோரம் பதுங்கி நின்றான். வெற்றிசெல்வன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மணலில் சாய்த்தான்.

"நீதானடா தொறந்த?"

"ஆமாண்ணே..."

முழுதாகச் சொல்ல விடவில்லை. வாயில் குத்தினான். பல் ஒன்று ரத்தத்தோடு தெறித்தது. விலாவில் மிதித்தான், திரும்பத் திரும்ப மிதித்தான். தெரு கூடிவிட்டது. தடுக்க யாரும் வரவில்லை. "உள்ளயே இருந்திருந்தா மனுசன் பொழைச்சிருப்பாரு" என்றது ஒரு குரல்.

"வெளிய விட்டுக் கொன்னுட்டியேடா! வெயில்ல விட்டு எம் மாமனைக் கொன்னுட்டியேடா!"

கம்பைத் தலைக்கு மேலே ஓங்கினான். ஆரோக்கியதாஸ் கையைக்கூட உயர்த்தவில்லை. வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பினான்.

"ரொம்ப நேரமாத் தகரத்தைத் தட்டிக்கிட்டே கெடந்தாரு. ஒங்களுக்குப் பயந்து நான் போகல. சத்தம் நின்னதும் மனசு கேக்காமத் தொறந்து, காத்துப் படட்டும்னு வெளிய இழுத்துப் போட்டேன்."

"அப்புறம் எப்புடிடா செத்தாரு?"

"நான் தொறக்கயிலயே செத்துத்தாண்ணே கெடந்தாரு."