எட்டுப் பேனல்

எலப்புள்ளி காளிச்சாமி வீட்டு மொட்டைமாடியை அளந்துவிட்டு இறங்கினான் சோலார் கம்பெனி அருள்குமார்.

"உங்க கரண்டு பில்லுக்கு ஆறு பேனல் போதுமுங்க."

"எட்டு வெய்யி தம்பி. கோவிந்தாபுரத்துல ஒரு ஊட்டு மேல எட்டு பாத்தேன். அதே நீலம், அதே பளபளப்பு வேணும்."

"சரிங்க. தெக்குப் பாத்துச் சாச்சு வெக்கோணும்."

"ரோடு வடக்கால இருக்குது. அந்தப் பக்கமா வெய்யி."

"அப்பிடி வெச்சா கரண்டு கம்மியாத்தானுங்க வரும்."

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

பேட்டரி, மானியம், வாரண்டி என்று அவன் அடுக்கியது எதுவும் காளிச்சாமி காதில் ஏறவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான். அதற்கு வாய்தான் வரவில்லை.

மோர் கொண்டுவந்த மனைவி கமலாத்தாள் போட்டு உடைத்தாள்.

"ஏனுங்க தம்பி, எங்க கிருத்திகாவுக்கு அந்தக் கோவிந்தாபுரத்து ஊட்டுலதான் பேசியிருக்குது. போன வாரம் நாங்க போயி மாப்பிள்ளை ஊடு பாத்துட்டு வந்தோம். இந்த ஞாயித்துக்கிழமை அவங்க நம்ம ஊடு பாக்க வர்றாங்க. மேல ஒண்ணுமில்லாம மொட்டையா நின்னா நல்லாவா இருக்கும்? ஒரு நாளைக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா?"

காளிச்சாமி, கழுத்து சுளுக்கியவரைப் போல வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

அருள்குமார் சிரிக்கவில்லை. மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"தாராளமாக் குடுக்கலாமுங்க. எட்டும் குடோன்ல சும்மாத்தான் கெடக்குது. பொண்ணூட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயாச்சுன்னு, போன வாரந்தான் கோவிந்தாபுரத்துல இருந்து கழட்டிட்டு வந்தோம்."